ஊரார் பிள்ளையை வளர்க்க வந்தவங்க ஏன் ஓடிப் போறாங்க?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. அமெரிக்காவில் ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்க ஆள் தேடி, அரசாங்கம் நாற்பது வருஷத்துக்கு மேலா சட்டம் போட்டுக்கிட்டே இருக்கு. ஆள் வருது. வந்த வேகத்துல திரும்பியும் போயிடுது. புதுசா ஆள் பிடிக்கறதுக்குக் காட்டின அக்கறையில் பாதியை, வந்தவங்க ஏன் போறாங்கன்னு கேட்கறதுக்குக் காட்டலைங்கறது தான் என் கட்சி. அவசரத்தில் இருக்கறவங்க இதோட கிளம்பலாம். மத்தவங்க ஒரு காபியோட உட்காருங்க, பதிவு கொஞ்சம் நீளம் :-)

முதல்ல ஒரு சொல் தகராறைத் தீர்த்துடுவோம். தமிழ்ல 'வளர்ப்புப் பெற்றோர்'னு சொன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது தத்து எடுத்தவங்க. ஃபாஸ்டர் கேர் அது இல்லை. வீட்டில் அடி உதை, போதை, கவனிப்பே இல்லாமை, இப்படி ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளைக்கு ஆபத்துன்னு முடிவானா, மாநில அரசு கோர்ட் உத்தரவோட அந்தப் பிள்ளையை எடுத்துக்கும். எடுத்து, லைசென்ஸ் வாங்கின ஒரு குடும்பத்திலோ, உறவுக்காரங்க வீட்டிலோ, அதுவும் கிடைக்கலைன்னா ஒரு காப்பகத்திலோ தற்காலிகமா வைக்கும். பெற்றவங்க திருந்தி, வீடு சரியானதும் பிள்ளையைத் திருப்பி அனுப்பறது தான் முதல் குறிக்கோள். அது நடக்கவே நடக்காதுன்னு ஆன பிறகு தான் தத்துப் பேச்சு.

ஆக, தத்து எடுத்தவங்களுக்குப் பிள்ளை ஆயுசுக்கும் சொந்தம். ஃபாஸ்டர் பெற்றோருக்கு அப்படி இல்லை. சோறு போடணும், ஜுரம் வந்தா ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணும், ஹோம்வொர்க் சொல்லித் தரணும். அப்புறம் ஒரு நாள் கோர்ட் சொன்னதும் பெட்டி கட்டி, சிரிச்ச முகத்தோட வழியனுப்பணும். இதுக்கு ஒரு தமிழ்ச்சொல் இருந்தா நல்லா இருக்கும். கிடைக்கற வரைக்கும் ஃபாஸ்டர்னே எழுதறேன்.

எத்தனை பிள்ளைங்க? 2023 செப்டம்பர் முடிவில் அமெரிக்கா முழுக்க சுமார் 3 லட்சத்து 43 ஆயிரம் பேர். 2018ல் இது 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். குறைஞ்சிருக்கு, சந்தோஷம். 2023 நிதியாண்டில் ஃபாஸ்டர் கேரிலிருந்து தத்துப் போனவங்க ஏறக்குறைய 50 ஆயிரம் பேர். வெளியே வர்ற பிள்ளைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவங்க பெற்றவங்க கிட்டயே திரும்பிப் போறாங்க.

இந்தப் பிள்ளைகளுக்குப் போதுமான வீடு இல்லைன்னா என்ன ஆகும்? டெக்ஸாஸில் 2021ல் வைக்க இடம் கிடைக்காத பிள்ளைகளை அரசு அலுவலகத்திலும் ஹோட்டல் அறையிலும் தூங்க வைச்சாங்க. உலகத்துப் பணக்கார நாட்டில், மேஜைக்குப் பக்கத்தில் படுக்கை விரிச்சு, டியூட்டியில் இருக்கற ஊழியர் காவலுக்கு உட்கார்ந்திருக்க, ஒரு பதினாலு வயசுப் பிள்ளை தூங்கும். ஆள் பத்தாக்குறைன்னு நாம ஒரு வார்த்தையில் சொல்லிட்டுப் போறது கீழே வந்து சேரும்போது இப்படித் தான் இருக்கும்.

*

சட்டக் கதைக்கு வருவோம். எல்லாத்தையும் அடுக்கினா நீங்க தூங்கிடுவீங்க. முக்கியமானதை மட்டும் பார்ப்போம்.

1980ல் கார்ட்டர் காலத்தில் வந்த சட்டம், வீடு கிடைக்கக் கஷ்டமான பிள்ளைகளைத் தத்து எடுக்கறவங்களுக்கு மாதாந்திர உதவித்தொகைக்கு மத்திய அரசுப் பணத்தைத் திறந்து விட்டது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, அண்ணன் தம்பி அக்கா தங்கைன்னு சேர்ந்தே போகவேண்டிய கூட்டம், உடல் குறைபாடு இருக்கற பிள்ளை, இவங்களுக்காக. நல்ல சட்டம். ஏழைக் குடும்பமும் தத்து எடுக்கலாம்னு அது தான் முதல்ல பெரிய அளவில் சொல்லிச்சு.

1994ல் செனட்டர் ஹோவர்ட் மெட்சன்பாம் கொண்டு வந்த பல்லினச் சட்டம். இதுக்கு ரெண்டு கால். ஒரு கால்: பிள்ளையோட நிறத்தையோ இனத்தையோ காட்டி வீடு கொடுக்கறதைத் தள்ளிப் போடாதே. இன்னொரு கால்: பிள்ளைங்க எந்தெந்தச் சமூகத்திலிருந்து வர்றாங்களோ, அந்தச் சமூகங்களுக்குள்ளேயே போய் முனைப்பா பெற்றோரைத் தேடு. 1996ல் இதைத் திருத்தினப்ப, முதல் விஷயத்தை மீறினா மத்திய நிதியில் வெட்டு விழும்னு கம்பைத் தூக்கினாங்க. ரெண்டாவது விஷயத்துக்கு அந்த மாதிரிக் கம்பு எதுவும் இல்லை. எந்தக் கால் நடந்திருக்கும், எந்தக் கால் நொண்டியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

1997ல் கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம் தான் பெரிசு. கடைசி 22 மாசத்தில் 15 மாசம் ஒரு பிள்ளை ஃபாஸ்டர் கேரில் இருந்தா, சில விதிவிலக்கு தவிர, பெற்றவங்களோட உரிமையை ரத்து பண்ணக் கோரி மாநிலம் மனுப் போடணும். கூடவே ஊக்கத்தொகை: அடிப்படைக் கணக்குக்கு மேல தத்துப் போகற ஒவ்வொரு பிள்ளைக்கும் மாநிலத்துக்கு 4000 டாலர், சிறப்புக் கவனிப்பு தேவைப்படற பிள்ளைன்னா இன்னும் 2000. கவனிச்சீங்களா? பணம் மாநிலத்துக்கு. வளர்க்கற அம்மாவுக்கு இல்லை.

எண்ணிக்கை ஏறினது உண்மை. 1997ல் சுமார் 31 ஆயிரமா இருந்த தத்து, 2000ல் 51 ஆயிரம். அரசியல்வாதிங்க மார்தட்டிக்க இது போதும். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. பெற்றவங்க உரிமையை வெட்டியாச்சு, தத்து எடுக்க ஆள் வரலை. அப்போ அந்தப் பிள்ளை யாருக்கும் சொந்தமில்லாத பிள்ளை. 'சட்டப்படி அனாதை'ன்னே இவங்களுக்கு ஒரு பேர் வந்துடுச்சு. பதினெட்டு வயசு வரைக்கும் வீடு வீடா மாறி, அப்புறம் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு நேரா தெருவுக்கு. இதைக் கொஞ்சம் சரி பண்ணத் தான் 2008 சட்டத்தில், மாநிலம் விரும்பினா 21 வயசு வரைக்கும் வைச்சுக்கலாம், மத்தியப் பணம் கிடைக்கும்னு கொண்டு வந்தாங்க.

*

இப்போ ஓட்டைப் பானைக் கதை.

2005ல் மத்திய அரசின் சுகாதாரத் துறை ஒரு ஆய்வு வெளியிட்டது. மூன்று மாநிலங்களின் ஏட்டுக் கணக்கை எடுத்து, ஒரு குடும்பம் ஃபாஸ்டர் குடும்பமா எத்தனை நாள் தாக்குப் பிடிக்குதுன்னு பார்த்தாங்க. மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், இடைநிலைக் கணக்கு 8 மாசத்திலிருந்து 14 மாசம் தான். அதாவது பாதிப் பேர் அதுக்குள்ளயே கழண்டுக்கறாங்க. பயிற்சி கொடுத்து, போலீஸ் சரிபார்ப்பு செஞ்சு, வீட்டுக்கு வந்து அளந்து பார்த்து லைசென்ஸ் கொடுக்கறதுக்கே பல மாசம் ஓடிடும். கிட்டத்தட்ட அதே அளவு காலத்தில் ஆள் எஸ்கேப்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல். நீண்ட காலம் நிலைச்சு நின்ன ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்கள் தான், பிள்ளைகள் ஃபாஸ்டர் கேரில் கழிச்ச மொத்த நாட்களில் 60 முதல் 72 சதவீதத்தைச் சுமந்திருக்காங்க. இதைப் படிச்சதும் எனக்குத் தோணினது: பத்துப் புதுக் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வர்றதை விட, இருக்கற நல்ல குடும்பம் ஒண்ணு கோவிச்சுக்கிட்டுப் போகாம பார்த்துக்கறது லாபம். மளிகைக் கடை அண்ணாச்சிக்குக் கூடத் தெரிஞ்ச வியாபார விதி இது. பழைய வாடிக்கையாளரை விரட்டிட்டு, தெருமுனையில் நின்னு நோட்டீஸ் கொடுத்து யாராவது கடை நடத்துவாங்களா?

சரி, ஏன் போறாங்க? நாம நினைக்கறது: பிள்ளைங்க முரடு, சமாளிக்க முடியலை. அதுவும் ஒரு காரணம் தான். ஆனா அது மட்டும் இல்லை. 2002ல் அதே துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் ரெண்டு அறிக்கை போட்டது. ஒண்ணு ஆள் சேர்க்கறதைப் பத்தி, இன்னொண்ணு தக்க வைக்கறதைப் பத்தி. ஃபாஸ்டர் பெற்றோர் சொன்ன குறைகள்: கேஸ் வொர்க்கரைத் தொடர்பு கொண்டா பதில் வர்றதில்லை. பிள்ளை விஷயத்தில் எங்க பேச்சுக்கு மதிப்பில்லை. பிள்ளை பார்த்துக்க ஆள் கிடைக்கறதில்லை, ரெண்டு நாள் மூச்சு விட ஓய்வு கிடைக்கறதில்லை. யாராவது பொய்ப் புகார் கொடுத்தா எங்களைக் காப்பாத்த ஒருத்தரும் இல்லை. ஆள் சேர்க்கறதைப் பத்தின அறிக்கையில் ஒரு விஷயம் பளிச்சுன்னு இருந்தது. புது ஃபாஸ்டர் பெற்றோரைக் கூட்டிக்கிட்டு வர்றதில் மிகத் திறமையானவங்க ஏற்கெனவே ஃபாஸ்டரா இருக்கறவங்க தான். ஆனா அவங்களை அதுக்கு அதிகமாப் பயன்படுத்தறதே இல்லை.

யோசிச்சுப் பாருங்க. மனசு வெறுத்துப் போய் விலகின ஒருத்தர், பக்கத்து வீட்டில் என்ன சொல்லுவார்? "வேண்டாம்பா, அந்தப் பக்கமே போயிடாதே"ன்னு தானே. விலகிப் போற ஒவ்வொருத்தரும் வரவிருந்த நாலு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிடறாங்க.

மதிப்புன்னு சொன்னேனே, அதுக்கு ஒரு உதாரணம். பல வருஷமா ஒரு ஃபாஸ்டர் அம்மா, பன்னிரண்டு வயசுப் பொண்ணைத் தோழி வீட்டுப் பிறந்தநாளுக்கு ஒரு ராத்திரி தங்க அனுப்பணும்னா, பல இடங்களில் ஏஜென்சி அனுமதி வேணும். சில இடத்தில் அந்தத் தோழியோட அப்பா அம்மாவுக்கே போலீஸ் சரிபார்ப்பு. எந்தப் பொண்ணு தன் தோழி கிட்டப் போய் "உங்க அப்பாவைப் போலீஸ் விசாரிக்கணும், அப்புறம் கேக் சாப்பிட வர்றேன்"னு சொல்லும்? 2014ல் வந்த சட்டம் தான், விவேகமான ஒரு பெற்றோர் எப்படி முடிவெடுப்பாங்களோ அப்படி ஃபாஸ்டர் பெற்றோரே முடிவெடுக்கலாம்னு மாநிலங்களைக் கட்டாயப்படுத்திச்சு. பைசா செலவில்லாத மாற்றம். இத்தனை வருஷத்துச் சட்டங்களில் எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தச் சின்ன ஷரத்து. ஏன்னா ஃபாஸ்டர் அம்மாவை லாட்ஜ் மேனேஜர் மாதிரி நடத்தாம, அம்மா மாதிரி நடத்தின முதல் வரிகளில் அது ஒண்ணு.

*

உறவுக்காரங்க விஷயம் தனிக் கதை. பிள்ளையை எடுத்ததும் முதல்ல பாட்டி, சித்தி, மாமான்னு தேடணும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதுக்கு சுப்ரீம் கோர்ட்டும் சட்டமும் தேவைப்பட்டது. தகுதி இருக்கற உறவுக்காரங்களுக்கும் அதே ஃபாஸ்டர் உதவித்தொகை கொடுக்கணும்னு 1979ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பிள்ளையை எடுத்த 30 நாளுக்குள் உறவுகளுக்குத் தகவல் சொல்லணும்னு 2008 சட்டம். தத்து எடுக்காம பாதுகாவலரா இருக்கற உறவுகளுக்கும் உதவித்தொகை கொடுக்க மத்தியப் பணம் வந்ததும் அதே சட்டத்தில் தான். பாட்டிக்குத் தன் மகளோட தாயுரிமையை ரத்து பண்ணித் தான் பேரனை வளர்க்கணும்கற கட்டாயம் அதனால் கொஞ்சம் தளர்ந்தது.

ஆனா லைசென்ஸ்? முன்பின் தெரியாத பிள்ளையை எடுக்க வர்ற அந்நியருக்கு என்ன விதியோ, அதே விதி தான் பாட்டிக்கும். படுக்கையறை எத்தனை, எவ்வளவு அகலம், எத்தனை மணி நேரப் பயிற்சி. ரெண்டு ரூம் வாடகை வீட்டில் இருக்கற பாட்டி இதில் தேறுவாங்களா? தேறலைன்னா ஒண்ணு பேரன் வேற வீட்டுக்கு, இல்லைன்னா பாட்டிக்கு முழு உதவித்தொகை கிடையாது. 2023 செப்டம்பரில் தான் மத்திய அரசு, உறவுக்காரங்களுக்கு மட்டும் தனியா, எளிமையான தரவிதி வைச்சுக்கலாம்னு மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தது. 1979லிருந்து 2023. எண்ணிப் பாருங்க, 44 வருஷம்.

*

ஆள் சேர்ப்பு நல்லா நடந்த கதையும் உண்டு. கிழக்கு டெக்ஸாஸில் பாசம் ட்ராட்னு ஒரு சின்ன கிராமம். (நம்ம பாசம் இல்லை, அங்கே ஒரு விலங்கோட பேர். ஆனா பொருத்தமான பேர் தான்!) கறுப்பின மக்களின் சின்ன தேவாலயம் ஒண்ணு. போதகர் டபிள்யூ.சி. மார்ட்டினும் அவர் மனைவி டோனாவும் முதல்ல ஃபாஸ்டர் கேரிலிருந்து பிள்ளைகளை எடுத்தாங்க. அவங்களைப் பார்த்து அக்கம்பக்கம். கடைசியில் 22 குடும்பம், 77 பிள்ளைகள். யாருக்கும் பெரிய வசதி கிடையாது. 2024ல் இது சினிமாவாகவும் வந்தது.

இதைப் பார்த்துட்டு நிறைய பேர் "பாருங்க, மனசு இருந்தா போதும், சட்டமாவது பணமாவது"ன்னு கிளம்பிடறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஊரில் ஒரு பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தினா, அடுத்த வீட்டுக்காரிக்கு அது என்னன்னு தெரியும், அவ வீட்டிலும் அப்படி ஒண்ணு இருக்கு. ஓய்வு வேணும்னா பிள்ளையை விட்டுட்டுப் போக ஊரே இருக்கு. சட்டம் கொடுத்திருக்க வேண்டியதை அங்கே ஊர் கொடுத்திருக்குன்னு தான் நான் படிச்சுக்கறேன். எல்லா ஊருக்கும் ஒரு டோனா மார்ட்டின் கிடைக்கமாட்டாங்க. அபார்ட்மெண்டில் எதிர் வீட்டுக்காரர் பேர் கூடத் தெரியாத இடத்தில், அந்த ஊரோட வேலையை யாராவது செஞ்சாகணும்.

இன்னொரு நல்ல உதாரணம், வெண்டீஸ் பர்கர் கடை நிறுவனர் டேவ் தாமஸ் ஆரம்பிச்ச அறக்கட்டளை. அவரே தத்துப் பிள்ளை. அவங்க முறை என்னன்னா, "பெற்றோர் தேவை"ன்னு பொதுவா விளம்பரம் போடறதில்லை. ஒரு குறிப்பிட்ட பிள்ளையோட ஃபைலை எடுத்து, அதோட வாழ்க்கையில் ஏற்கெனவே யார் யார் இருந்திருக்காங்கன்னு துருவறது. பழைய டீச்சர், கோச், தூரத்து அத்தை. 2011ல் வந்த மதிப்பீட்டில், இந்த முறையில் தேடப்பட்ட பிள்ளைகளுக்குத் தத்துக் கிடைக்கற வாய்ப்பு மத்தவங்களை விட 1.7 மடங்கு. ஆளில்லை, ஆளில்லைன்னு புலம்பற இடத்தில், ஆள் ஃபைலுக்குள்ளயே இருந்திருக்கு!

*

எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். நீங்க கேட்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுக்கறேன்.

"பணத்தை ஏத்தினா பணத்துக்காகப் பிள்ளை எடுக்கற கூட்டம் வராதா?" வரும், சிலர். இப்பவும் இருக்காங்க. ஆனா அந்தத் தொகை பிள்ளையோட செலவுக்கு. வருமான வரிச் சட்டமே அதை வருமானமாகக் கணக்கெடுக்கறதில்லை. கையிலிருந்து போட்டுப் பிள்ளை வளர்க்கணும்னு நிபந்தனை வைச்சா, வசதி இருக்கறவங்க மட்டும் தான் வர முடியும். பிள்ளைகளோட சொந்தச் சமூகம், சொந்தத் தெரு, சொந்த மாமா எல்லாம் விலகிடும். தத்துக்கான வருமான வரிச் சலுகையும் ரொம்ப நாள் இப்படித் தான் இருந்தது. கட்ட வேண்டிய வரியில் கழிச்சுக்கலாம், ஆனா வரியே அதிகம் கட்டாத ஏழைக்கு ஒண்ணும் இல்லை. நடுவில் 2010, 2011ல் மட்டும் கையில் கிடைச்சது. 2025 சட்டத்தில் தான் 5000 டாலர் வரை திருப்பித் தரலாம்னு மறுபடி கொண்டு வந்தாங்க.

"ஃபாஸ்டர் பெற்றோருக்கு உரிமையைக் கூட்டினா, பெற்றவங்க கதி?" இது தான் நிஜமான கேள்வி. ஏழைங்கறதையே குற்றமா எடுத்துக்கிட்டு பிள்ளையைப் பிரிச்ச கதைகள், அதுவும் கறுப்பின, பூர்வகுடிக் குடும்பங்களில், அமெரிக்காவில் ஏராளம். பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகவே 1978ல் தனிச் சட்டம் தேவைப்பட்டது, 2023ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. வளர்த்த பாசத்தைக் காரணம் காட்டி, திருந்தி வந்த அம்மாவுக்குப் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன்னு சொல்ற உரிமையை நான் கேட்கலை. நான் கேட்கறது உரிமையில் சின்னது: தகவல், பேச்சுக்கு மதிப்பு, போன் எடுக்க ஒரு ஆள். கோர்ட்டில் பிள்ளை பத்தின விசாரணையில் ஃபாஸ்டர் பெற்றோர் பேசலாம்னு 2006லேயே சட்டம் தெளிவாச் சொல்லிடுச்சு. பேசறது வேற, முடிவெடுக்கறது வேற. தினமும் தலை வாரி விடறவங்க சொல்றதைக் கேட்டா பெற்றவங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

எனக்குப் பெரிய சிக்கலாப் படறது வேற இடம். இந்தச் சட்டங்கள் எல்லாமே "ஃபாஸ்டர் மற்றும் தத்துப் பெற்றோர்"னு ஒரே மூச்சில் சொல்லுது. காரணம் இருக்கு. ஃபாஸ்டர் கேரிலிருந்து நடக்கற தத்துகளில் பெரும்பகுதி, ஏற்கெனவே வளர்த்துக்கிட்டிருந்த ஃபாஸ்டர் குடும்பமோ உறவோ எடுக்கறது தான். ஆனா ரெண்டுக்கும் வேண்டிய மனசு நேர் எதிர். ஒண்ணுக்கு இறுக்கிப் பிடிக்கற கை வேணும். இன்னொண்ணுக்கு நேரம் வந்ததும் விடற கை. குழந்தை இல்லாத தம்பதி கிட்ட "ஃபாஸ்டரா ஆரம்பிங்க, அப்படியே தத்துக் கிடைச்சாலும் கிடைக்கும்"னு ஆசை காட்டி ஆள் பிடிச்சா, பிள்ளை அம்மா கிட்டத் திரும்பிப் போற நாளை அவங்க சாவு மாதிரி தான் பார்ப்பாங்க. அடுத்த நாள் லைசென்ஸைத் தூக்கிப் போட்டுடுவாங்க. நடுவில் பெற்ற தாய்க்கு அவங்க எதிரி ஆகிடுவாங்க, அதைப் பார்த்துக்கிட்டு நிக்கறது அந்தப் பிள்ளை. ஆள் சேர்க்கும்போதே இதை மறைக்காம சொல்லணும். வர்றவங்க எண்ணிக்கை குறையும். வர்றவங்க நிப்பாங்க.

*

2018 சட்டம் காப்பகங்களுக்குப் போற மத்தியப் பணத்துக்குக் கடிவாளம் போட்டது. குறிப்பிட்ட தரம் இல்லாத காப்பகத்தில் பிள்ளையை வைச்சா ரெண்டு வாரத்துக்கு மேல் மத்தியப் பணம் கிடையாது. நோக்கம் சரி, பிள்ளை குடும்பத்தில் தான் வளரணும். ஆனா கட்டிலை எடுத்துட்டா வீடு தானா முளைக்காது. அதனால தான் தக்க வைக்கற கேள்வி இப்போ இன்னும் அவசரம்.

2023ல் அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. அதோட பேரே தகவலைப் பயன்படுத்திக் குடும்பங்களைச் சேர்ப்பது பற்றியது. மாநிலங்கள் கிட்ட எத்தனை ஃபாஸ்டர் குடும்பம் இருக்கு, எந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வீடு பத்தலை, இருக்கற குடும்பங்கள் என்ன சொல்றாங்க, சிலர் ஏன் நிறுத்திட்டாங்க, இதெல்லாம் கேட்டு எழுதித் திட்டம் போடணும்னு சொல்ற மசோதா. படிச்சப்ப சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. 1980லிருந்து சட்டம் போடறாங்க, "ஏன்பா போறே?"ன்னு கேட்கறதுக்கே 2023ல் ஒரு மசோதா தேவைப்பட்டிருக்கு.

என் கிட்டக் கேட்டா (யாரும் கேட்கலை, இருந்தாலும்) நாலே நாலு விஷயம்:

ஒண்ணு, விலகற ஒவ்வொரு குடும்பத்தையும் காரணம் கேட்டு, மாநில வாரியா வருஷா வருஷம் வெளியிடணும். வெளியில் தெரிஞ்சா தான் வெட்கம் வரும், வெட்கம் வந்தா தான் வேலை நடக்கும்.

ரெண்டு, மாநிலத்துக்குக் கொடுக்கற ஊக்கத்தொகையைத் தத்து, பாதுகாவலர் எண்ணிக்கையோட நிறுத்தாம, குடும்பங்கள் நிலைச்சு நிக்கறதுக்கும் பிள்ளைங்க வீடு மாறாம இருக்கறதுக்கும் சேர்த்துக் கட்டணும். எதை அளக்கறோமோ அதைத் தான் அதிகாரிங்க செய்வாங்க.

மூணு, மாசத்துக்கு ரெண்டு நாள் ஓய்வு, வேலைக்குப் போறவங்களுக்குப் பிள்ளை பார்த்துக்கற வசதி, ராத்திரியிலும் எடுக்கற ஒரு போன். சலுகையா இல்லாம, லைசென்ஸோட சேர்ந்தே வரணும். புகார் வந்தா விசாரிக்கட்டும், கட்டாயம் விசாரிக்கணும், பிள்ளையோட பாதுகாப்பு தான் முதல். ஆனா விசாரணை எந்த நிலையில் இருக்குன்னு சொல்ல ஒருத்தர் இருக்கணும்.

நாலு, தத்து முடிஞ்சதும் "வாழ்த்துகள், வர்றோம்"னு கிளம்பக்கூடாது. பிரச்சினை பெரும்பாலும் பதிமூணு பதினாலு வயசில் தான் வெடிக்கும். தத்து உதவி விதிகள் மாறினதால் மாநிலங்களுக்கு மிச்சமாகற பணத்தில் 30 சதவீதத்தைத் தத்துக்குப் பிந்தைய உதவி மாதிரி வேலைகளுக்குச் செலவழிக்கணும்னு 2014 சட்டம் சொல்லுது. ஆரம்பம் நல்லா இருக்கு, அதைப் பெரிசாக்கணும்.

"இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன"ன்னு கேட்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலும் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் ஃபாஸ்டர் கேர் இருக்கு. 2024ல் வந்த புது மாதிரி வழிகாட்டுதல்படி கல்யாணம் ஆகாதவங்க, துணையை இழந்தவங்க, விவாகரத்து ஆனவங்களும் ஃபாஸ்டரா வரலாம். ரெண்டு வருஷம் வளர்த்த பிறகு தத்துக்குக் கேட்கலாம், முன்னாடி அது அஞ்சு வருஷம். கதவைத் திறந்திருக்காங்க, நல்லது. அமெரிக்கா நாற்பது வருஷமா செஞ்ச அதே தப்பை, கதவைத் திறந்துட்டு உள்ளே வந்தவங்களை மறந்துடற தப்பை, நாம ஆரம்பத்திலேயே செய்யாம இருந்தா இன்னும் நல்லது.

ஒரு பிள்ளைக்கு வீடு மாறறதுன்னா வீடு மட்டும் மாறறது இல்லை. ஸ்கூல் மாறும், தோழி மாறும், தூங்கற தலகாணி வாசனை மாறும். நாம ஒரு ஃபாஸ்டர் குடும்பத்தைச் சலிச்சுப் போக விட்டா, அந்தச் செலவை மாநில அரசு கட்டறதில்லை, அந்தப் பிள்ளை கட்டுது.

ஃபாஸ்டரா இருந்து பார்த்தவங்க, தத்து எடுத்தவங்க, இந்தத் துறையில் வேலை பார்க்கறவங்க யாராவது இதைப் படிச்சா, பின்னூட்டத்தில் சொல்லுங்க. எந்த இடத்தில் "போதும்டா சாமி"ன்னு தோணிச்சு, எது உங்களை நிக்க வைச்சது? திட்டறதுன்னாலும் திட்டலாம், ஆனா காரணத்தோட :-)